கடல் கடந்த முழவு: யப்பானியரின் தைக்கோ வரலாறு

யப்பானிய மொழியிலே 'தைக்கோ' என்னும் சொல் பருத்த முழவு எனப் பொருள்படும். அந்நாட்டார் தம்மிடத்துள்ள முழவு வகைகள் பலவற்றையும் இப்பொதுப் பெயராற் சுட்டுவர். ஆயின், யப்பானுக்குப் புறத்தே வாழ்வோர் தைக்கோ என்னும்போது கருதுவது வேறொன்று. பற்பல அளவினவாகிய முழவுகளை அரங்கில் நிரைப்படுத்தி, பத்துப் பன்னிருவர் ஒரே மூச்சாய் நின்று, கையை ஓங்கி உடலை வளைத்து முழக்கும் குழுக்கலையையே அவர்கள் அப்பெயரால் அறிவர். யப்பானியர் இதனைக் 'குமி தைக்கோ' என்பர். கூட்டு முழவு என நாம் வழங்கலாம். இன்று சான் பிரான்சிஸ்கோவிலும் சாவோ பவுலோவிலும் சிட்னியிலும் ஸ்கொத்லாந்திலும் இம்முழக்கினைக் கேட்கலாம். அவ்வூர் அரங்குகளில் வழங்கப்பெறும் நிகழ்ச்சி ஏடுகளைப் படிப்போர், பன்னூறாண்டுப் பழமை வாய்ந்த கலையொன்றைத் தாம் காணப்போவதாகவே எண்ணுவர். வரலாறு கற்போர் இதனை அவ்வாறே ஏற்றல் இயலாது. முழவு பழையதே, ஆனால் கூட்டு முழவைத் தோற்றுவித்தவர் 2008ஆம் ஆண்டு வரை உயிர் வாழ்ந்தவர். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்திற்கொண்டு இக்கலை சென்ற வழியை ஆராய்வாம்.

முழவின் பழமைக்குச் சான்றுகள் உள. யப்பானின் குன்மாப் பகுதியிலே, பண்டைய ஈமமேடுகளைச் சூழ நாட்டப்பெற்ற சுடுமண் உருவங்களுள் முழவறைவோன் ஒருவனின் உருவமும் கிடைத்துள்ளது, இது கி.பி. ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்பர். கி.பி. 712இல் தொகுக்கப்பெற்ற 'கொஜிக்கி' என்னும் நூல், குகையினுள் ஒளிந்துகொண்ட ஞாயிற்றுத் தேவியை வெளிக்கொணரும் பொருட்டு வேறொரு தேவி கவிழ்த்த தொட்டியின் மீதேறி மிதித்து ஆடிய கதையைக் கூறுகின்றது. தைக்கோக் கலைஞர் பலர் இக்கதையையே தம் கலையின் பிறப்பாகச் சொல்வர். அரண்மனை இசையாகிய ககாக்குவிலும், நோ, கபுக்கி நாடகங்களிலும் முழவுக்கு இடமுண்டு. ஷிந்தோ ஆலயங்களிலும் பௌத்தப் பள்ளிகளிலும் அது வழிபாட்டிற்கு உரியது. போர்க்களத்தில் ஏவலுக்குரிய ஒலியாயிற்று. சிற்றூர் விழாக்களிலே குழலோடும் ஆடலோடும் சேர்ந்தொலித்தது. அங்கெல்லாம் முழவு பெரும்பாலும் துணைக்கருவியே. தனித்து நின்று, தானே தலைமை பூண்டு, காசு கொடுத்து இருக்கையில் அமர்ந்திருப்போர் கேட்கும் இசையாக அது பரவலாக விளங்கவில்லை. யப்பானியரின் 'த்சுசுமி' என்னும் கைமுழவின் பெயர் வடமொழித் துந்துபியிலிருந்து வந்ததெனக் கருதுவாரும் உளர். ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு துணிதல் பொருந்தாதாகலின் அதனை ஈண்டு விடுப்பாம்.

முழவு செய்யும் முறை சற்று விரித்துரைக்கத் தக்கது. பின்னர் வரும் செய்திகள் பல அதனைப் பற்றியே எழுவன. பெருவழக்கிலுள்ள 'நகடோ தைக்கோ' ஒரே மரத்துண்டத்தைக் குடைந்து செய்யப்படுவது. கெயாக்கி என்னும் வைரமான மரம் இதற்குச் சிறந்தது. குடைந்த உடலைப் பல்லாண்டுகள் நிழலில் உலர வைப்பர். பின்னர்ப் பதப்படுத்திய மாட்டுத் தோலைக் கயிறுகளால் இழுத்துக் கட்டி, முழவின் முகத்தின்மேல் ஆளேறி நின்று மிதித்தும், மீண்டும் இழுத்தும், உரிய ஒலி பிறந்தபின் இரும்பாணிகளால் அறைவர். ஆணி அறைந்த முழவின் சுருதியை எளிதில் மாற்றல் இயலாது. ஆதலால் அந்த ஒரு பொழுதிற் கைவினைஞன் காட்டும் செவித்திறனே அம்முழவின் வாணாள் முழுவதும் ஒலிப்பது. பலகைகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கும் 'ஒகெடோ', சிறிய முகமும் உரத்த ஒலியுமுடைய 'ஷிமெ தைக்கோ', ஆளுயரத்தினும் மிக்க 'ஓ தைக்கோ' என்பன பிற வகைகள். இஷிக்காவாப் பகுதியிலுள்ள அசானோ குடும்பத்தார் 1609 முதலாகவும், தோக்கியோவின் அசாக்குசாவிலுள்ள மியாமோட்டோ நிலையத்தார் 1861 முதலாகவும் இத்தொழிலைச் செய்து வருகின்றனர்.

தோலைப் பதப்படுத்தியோர் யாவர் என்னும் வினா இங்கே எழுகின்றது. உயிர்க்கொலையும் பிணந்தொடுதலும் மாசு எனக் கருதப்பட்ட அச்சமுதாயத்திலே, தோற்றொழில் செய்தோர் தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் ஊருக்குப் புறத்தே, தனிச்சேரிகளில், பரம்பரை இழிநிலையினராக வைக்கப்பட்டிருந்தனர். 1871ஆம் ஆண்டு அரசாணை அந்நிலையைச் சட்டத்தில் ஒழித்தது, வழக்கத்தில் ஒழிக்கவில்லை. சேரி என்னும் பொருளுடைய 'புராக்கு' என்ற சொல்லால் அம்மக்களைச் சுட்டுதலும், மணவினையிலும் வேலைவாய்ப்பிலும் விலக்குதலும் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. 1922இல் அவர்கள் கியோத்தோவிற் கூடிச் சமன்மை இயக்கம் ஒன்றை நிறுவியதும் இதனாலேயே. தெய்வத்தின் முன் முழங்கும் முழவு புனிதம். அதன் முகத்தைச் செய்தவன் தீட்டு! ஒவ்வொரு திணைக்கும் பறையைக் கருப்பொருளாக எண்ணிய தொல்காப்பியரின் மொழியைப் பேசும் நமக்கு இம்முரண்பாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனிப் புதுமையின் பிறப்பைக் காண்போம். நகானோப் பகுதியின் சுவா ஏரிக்கரையைச் சார்ந்தவர் ஒகுச்சி தைகாச்சி, 1924இற் பிறந்தவர். இவர் கோயில் முழவறைவோர் மரபில் வந்தவரல்லர். மேனாட்டு ஜாஸ் இசையில் மேளங்கொட்டியவர். 1951ஆம் ஆண்டளவிற் சுவா ஆலயத்துக்குரிய பழைய முழவிசைக் குறிப்பொன்று அவர் கைக்கு வந்தது. அதன் குறியீடுகள் விளங்காமையின் ஊர்ப் பெரியவர் ஒருவரின் துணைகொண்டு அதனைப் படித்தறிந்தார். படித்தபின் அவர் மனத்தில் எழுந்த ஐயம் எளியது: இதனை ஏன் ஒருவரே முழக்கவேண்டும்? ஜாஸ் மேளக்காரன் ஒருவன் தன் முன்னே பல அளவான மேளங்களை வைத்து இருகையாலும் இருகாலாலும் செய்வதனை, அவர் பலருக்குப் பகுத்துக் கொடுத்தார். உரத்த சிறுமுழவு அடித்தாளத்தை விடாது காக்க, நடுத்தர முழவு சொல்லை விரிக்க, பெருமுழவு அடியிற் கனத்தைத் தர, ஒரு முழவுக்குழு உருவாயிற்று. இதுவே 'ஓ சுவா தைக்கோ'. அமெரிக்கக் கறுப்பு மக்களின் இசையிலே பயின்ற ஒருவர், யப்பானியக் கோயிற் குறிப்பொன்றை அவ்விசையின் இலக்கணத்தாற் பிரித்து அமைத்தமையால் இக்கலை தோன்றிற்று என்பதனை நாம் நன்கு நோக்குதல் வேண்டும். உலகெங்கும் தூய யப்பானியத் தொன்மையாகப் போற்றப்படுவதன் எலும்புச் சட்டகம் கலப்பினாலாயது. இதனாற் கலைக்கு இழுக்கென்று கருதுவாருடன் யான் உடன்படேன். கோயிலில் ஏட்டளவாய்க் கிடந்த குறிப்பு, கலப்பு நேர்ந்தமையாலன்றோ மீண்டும் செவிக்கு வந்தது.

1959இல் தோக்கியோவில் எழுந்த சுகெரோக்கு குழு, கோடைகாலப் பொன் விழாவிலே நடனத்துக்கு முழக்கிவந்த இளைஞரால் ஆயது. முழவைச் சாய்வான தாங்கியில் நிறுத்தி, வீச்சும் அழகும் தோன்ற அடிக்கும் முறை அவர்களுடையது. 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக் போட்டியையொட்டிய கலைவிழாவில் ஒகுச்சியின் குழு முழக்க, தொலைக்காட்சியின் உதவியால் நாடு முழுவதும் இக்கலையை அறிந்தது. 1970ஆம் ஆண்டு ஒசாக்காப் பொருட்காட்சி அதனை மேலும் பரப்பிற்று. 1988, 1989ஆம் ஆண்டுகளில் யப்பானிய அரசு ஒவ்வோர் ஊராட்சிக்கும் பத்துக்கோடி யென் வழங்கி, ஊர்ப்பற்றை வளர்க்க விரும்பியவாறு செலவிடுக என்றபோது, முழவு வாங்கிக் குழு அமைத்த ஊர்கள் பல. இளைஞர் நகருக்குச் சென்றுவிட, வெறிச்சோடிய சிற்றூர்கள் தமக்கொரு பழமையை இவ்வாறு தேடிக்கொண்டன.

வெளியுலகுக்கு இக்கலையைக் கொண்டு சென்றோருள் டென் தகயாசு குறிப்பிடத்தக்கவர். அவர் நாடிய இடம் சடோ தீவு. அரசர் ஜுன்தோக்கு 1221இலும், சமயத்துறவி நிச்சிரென் 1271இலும், நோ நாடகப் பேராசிரியர் செயாமி 1434இலும் நாடுகடத்தப்பட்ட தீவு அது; பின்னர்ப் பொற்சுரங்கத்தாற் பெயர்பெற்று, சுரங்கம் வறியதானபின் இளைஞரை இழந்த தீவு. அங்கே 1969இலிருந்து அவர் இளைஞர் சிலரைச் சேர்த்து, ஓட்டமும் முழவும் ஒன்றே என்ற கொள்கையோடு வாழச்செய்தார். அத்தீவின் பேய்முக ஆடலின் பெயரால் அக்குழு 'ஒண்டேக்கோசா' எனப்பட்டது. 1975இல் அவர்கள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மரதன் ஓட்டத்திற் கலந்துகொண்டு, இருபத்தாறு மைல் ஓடி முடித்த கையோடு முழவை முழக்கினர். கண்டோர் வியந்தனர். கோவணம் மட்டும் தரித்துப் பெருமுழவின்முன் நிற்கும் கோலம் இன்று உலகம் முழுவதும் தைக்கோவின் அடையாளமாகியுள்ளது; அக்கோலத்தை ஊக்கியவர் பிரான்சிய ஆடைக்கலைஞர் பியேர் கார்டின் என்று கூறப்படுகின்றது. பழமையின் உடையைப் பாரிசில் அளவெடுத்தமை நகைச்சுவையே.

டெனுடன் முரண்பட்டுப் பிரிந்தோர் 1981இற் 'கொடோ' என்னும் பெயருடன் அத்தீவிலேயே நின்று, அவ்வாண்டே பேர்லின் விழாவில் முதன்முதல் அரங்கேறினர். அப்பெயருக்கு இதயத்துடிப்பு என்றும், எழுதும் எழுத்தாலே முழவின் குழந்தைகள் என்றும் இருபொருள் உண்டு. தாயின் வயிற்றினுள் குழந்தை முதலிற் கேட்கும் ஒலி இதயத்துடிப்பே ஆதலால், முழவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா என்பது அவர்கள் கருத்து. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் முழக்கியுள்ளனர். 1988 முதலாகத் தம் தீவுக்கே பிறநாட்டுக் கலைஞரை அழைத்து விழாவெடுத்தும் வந்துள்ளனர். குழுவிற் சேர விரும்புவோர் ஈராண்டு பழைய பள்ளிக் கட்டடத்திற் கூடி வாழ்ந்து, விடியலில் ஓடி, வயலில் உழைத்து, அதன்பின்னரே தெரிவு செய்யப்படுவர். நமது குருகுலத்தை நினைவூட்டும் இம்முறையும் டென் வகுத்த வாழ்விலிருந்து வளர்ந்ததே.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்த வரலாறு. ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு 1885 முதல் ஒப்பந்தத் தொழிலாளராகவும், பின்னர்க் கலிபோணியாவுக்குப் பழத்தோட்டத் தொழிலாளராகவும் சென்ற யப்பானியர் பொன் விழாவையும் அதன் முழவையும் உடன்கொண்டு சென்றனர். பொன் என்பது உல்லம்பனம் என்னும் வடசொல்லின் திரிபாகக் கூறப்படுவது. முகலன் தேரர் தம் அன்னையின் உயிருக்கு நற்கதி தேடிய கதையோடு அது தொடர்புடையது. 1942 பெப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க ஆணையைப் பிறப்பிக்க, மேற்குக் கரையிலிருந்த யப்பானிய வழியினர் ஏறக்குறைய 120,000 பேர், பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களாயிருந்தும், பாலைநில முகாம்களுள் அடைக்கப்பட்டனர். வீடும் நிலமும் கடையும் இழந்து மீண்டவர்கள் அதுபற்றித் தம் பிள்ளைகளிடமும் வாய் திறந்திலர். ஒலியின்றி வாழ்தலே பாதுகாப்பு எனக் கண்டனர். யப்பானிய மொழி வீட்டில் மெல்ல மறைந்தது.

அவர்களின் பிள்ளைகளும் பேரருமாகிய மூன்றாந் தலைமுறையினரே முழவைக் கையிலெடுத்தனர். கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டமும் வியட்னாம் போர் எதிர்ப்பும் நாட்டை உலுக்கிய காலம் அது. ஆசியர் அடக்கமானவர், அவர் குரல் உயராது என்று பிறர் கொண்டிருந்த எண்ணத்தை மறுப்பதற்கு முழவினும் உரத்த விடை வேறு யாதுளது? 1967இல் யப்பானிலிருந்து குடியேறிய சியிச்சி தனகா என்னும் இளைஞர், சான் பிரான்சிஸ்கோவின் செர்ரிமலர் விழாவில் முழவொலி இல்லாமை கண்டு வருந்தி, பௌத்த ஆலயத்து முழவுகளை இரவல் பெற்று முழக்கினார். 1968இல் அந்நகரில் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். பின்னர் யப்பான் சென்று ஒகுச்சி முதலானோரிடம் கற்றுவந்தார். அவருடையது ஆசிரியனைத் தலைமேற்கொள்ளும் கடும்பயிற்சி. 1969இல் லொஸ் ஏஞ்சலிஸ் சென்ஷின் பௌத்த ஆலயத்திலே தோன்றிய குழு வேறு இயல்பினது. பொன் விழா முடிந்து முழவை உள்ளே எடுத்துவைக்கச் சென்றோர் சிலர், எடுத்துவைக்க மனமின்றி நெடுநேரம் முழக்கிக்கொண்டே இருந்தனராம், அதுவே தொடக்கம். ஆலயக் குருவாகிய மசாவோ கொடானி அவர்களுள் ஒருவர். வானுலக இசைவாணராகிய கின்னரரின் பெயரை அக்குழு ஏற்றது. குரு சீடர் என்னும் வேற்றுமை வேண்டா, தன்முனைப்பை அடக்குதலே பயன் என்பது அவர்களின் நெறி.

யப்பானிலிருந்து முழவை வரவழைக்க அவர்களிடம் பணம் இல்லை. வெறுமையான முந்திரிகைமதுப் பீப்பாய்களை வாங்கி, பலகைகளைப் பசையிட்டு இறுக்கி, மாட்டுத்தோலை ஊறவைத்து, மோட்டார் வண்டியைத் தூக்கும் ஜாக்கியால் இழுத்து, ஆணியறைந்து தாமே முழவு செய்தனர். கலிபோணியாவின் திராட்சைத் தோட்டங்களில் அவர்களின் பாட்டன்மார் வியர்வை சிந்தினர். அத்தோட்டத்துப் பீப்பாயே பேரரின் முழவாயிற்று. இம்முறையை அவர்கள் மறைத்து வைத்தாரல்லர். 1973இல் தோன்றிய சான் ஓசே குழுவும், பின்னர் வந்தோரும் அவ்வாறே செய்தனர். அமெரிக்கத் தைக்கோ ஊர்தோறும் பரவியதற்குத் தலையாய காரணம் இப்பீப்பாயே என்பது என் துணிபு.

சான் ஓசே குழுவை வளர்த்த ரோய் ஹிரபயாஷி, பீ.ஜே. ஹிரபயாஷி தம்பதியர் ஜாஸ், இலத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் முழவிற் சேர்த்தனர். முதற் குடியேறிகளின் உழைப்பைப் பொருளாகக் கொண்டு பீ.ஜே. 1994இல் அமைத்த முழவும் ஆடலும் இணைந்த உருப்படி ஒன்று, பிற குழுக்களாலும் விழாக்களில் விரும்பி ஆடப்பெறுகின்றது. யப்பானியச் சிற்றூர் விழாக்கள் பலவற்றில் முழவு ஆடவர்க்கே உரியதாயிருக்க, அமெரிக்கக் குழுக்களிற் பெண்களே பெரும்பான்மையினர். 1979இல் நியூயோர்க்கிலும் கனடாவின் வன்கூவரிலும் குழுக்கள் எழுந்தன. 1988இல் அமெரிக்க அரசு முகாம்களிற் சிறையிருந்தோரிடம் மன்னிப்புக் கோரி, உயிருடனிருந்தோர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றிற்று. தனகாவுக்கு 2001இலும் ஹிரபயாஷி தம்பதியர்க்கு 2011இலும் மரபுக்கலைக்குரிய தேசிய விருதினை அதே அரசு அளித்தது. மரபுக்கலை என அரசு ஏற்றது, அவர்கள் தம் இளமையிற் பீப்பாயிலிருந்து படைத்த ஒன்றினை.

கற்பிக்கும் முறை நமக்கு வியப்பளிக்காது. முழவைத் தொடுமுன் வாயாற் சொல்லிப் பழகவேண்டும். முகத்தின் நடுவில் ஓங்கியடித்தல் 'தொன்', விரைந்த ஈரடி 'தொகோ', விளிம்பில் அடித்தல் 'க', சிறுமுழவின் ஒலி 'தென்' என்றவாறு சொற்கட்டு அமையும். தவில், மிருதங்கம் பயின்ற மாணவன் எவனும் இதனை உடனே கண்டுகொள்வான். எழுத்தறியாத சிறுவனும் வேற்றுமொழிக்காரனும் ஒருங்கே பயில இது வாய்ப்பாயிற்று. ஆனால் இரண்டு அடிகளுக்கிடையே உள்ள மௌனத்தை அவர்கள் 'ம' என்பர். அதனைச் சொல்லிக்கொடுக்க எழுத்தில்லை, அருகில் நின்றே அறிதல் வேண்டும் என்பர் ஆசிரியர்.

பிறேசில் நாட்டுக்கு முதல் யப்பானியக் குடியேறிகள் 'கசாத்தோ மரு' என்னும் கப்பலில் 1908 ஜூன் 18ஆம் நாள் சந்தோஸ் துறைமுகத்தில் வந்திறங்கினர். 1930களின் இறுதியில் அங்கும் அவர்களின் பள்ளிகளும் பத்திரிகைகளும் ஒடுக்கப்பட்டன. அவர் வழித்தோன்றல்கள் 2004இல் நாடளாவிய தைக்கோச் சங்கமொன்றை அமைத்து, 2008இல் நூற்றாண்டு விழாவைப் பெருந்தொகையான முழவுகளால் முழக்கினர். அவுஸ்திரேலியாவில் 1997இல் 'தைக்கோஸ்' குழுவை நிறுவிய இருவருள் இயன் கிளெவேர்த் மேனாட்டு இசைக்குழுவில் முழவறைந்தவர். ரைலி லீ அமெரிக்கர், ஒண்டேக்கோசாவிற் சேர்ந்த முதற் பிறநாட்டார். 1994 முதல் ஸ்கொத்லாந்திலும், பிற ஐரோப்பிய நாடுகளிலும் யப்பானியக் குருதியே இல்லாதோர் இக்கலையைத் தொழிலாகவே கொண்டுள்ளனர். 1997இல் லொஸ் ஏஞ்சலிசில் வட அமெரிக்கத் தைக்கோ மாநாடும், 2016இல் யேர்மனியின் ஹிற்சாக்கரில் ஐரோப்பிய மாநாடும் முதன்முதற் கூடின.

இவ்வாறு பரவிய கலை யாருக்குரியது என்னும் வழக்கும் எழாமலில்லை. தம் உருப்படிகளையும் சாய்வுத்தாங்கி முறையையும் கையாள்வோர் இசைவு பெறல் வேண்டுமெனச் சுகெரோக்கு மரபினர் வட அமெரிக்கக் குழுக்களிடம் கோரியதுண்டு. நாட்டார் கலை என்று எண்ணி எடுத்தாண்டோர் திகைத்தனர். இங்கேதான் வரலாற்றறிவு வேண்டப்படுகின்றது. ஊர்ப்பொது எனத் தோன்றுவதற்கு உயிரோடிருக்கும் ஆசிரியன் உளன். அவன் உரிமையை மறுத்தல் முறையன்று. ஆயின் அவ்வாசிரியனும் ஊர்ப்பொதுவினின்றே முகந்தான். பெயர் சொல்லி, கேட்டு, கற்று ஆடுதலே நேர்மை. பிறப்பை வைத்து ஒருவனைத் தகுதியற்றவன் என விலக்குதல் எனக்கு உடன்பாடன்று.

பிறப்பை வைத்து விலக்கப்பட்டோரை முன்னர்க் கண்டோம். ஒசாக்காவின் நானிவாப் பகுதி, தோக்குகாவா காலந்தொட்டுத் தோலுக்கும் முழவுக்கும் பெயர்பெற்ற புராக்குக் குடியிருப்பு. நாட்டின் ஆலயங்கள் பலவற்றுக்கு முழவு செய்து அனுப்பிய அவ்வூரிலே முழக்குவோர் இல்லை. விழாவில் முழக்கும் உரிமை பிற ஊராருடையது. கலிபோணியாவில் செய்வோனும் முழக்குவோனும் 1969இலேயே ஒருவராயினர். நானிவாவில் அது நிகழ, 1871ஆம் ஆண்டு ஆணைக்குப்பின் நூற்றுப்பதினாறு ஆண்டுகள் சென்றன. 1987இல் அங்குள்ள இளைஞர் தம் பெற்றோர் தோலிழுத்துச் செய்த முழவுகளைக்கொண்டு ஒரு குழு அமைத்து, பள்ளிகளிலும் பொதுமன்றங்களிலும் முழக்கத் தொடங்கினர். அக்குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இக்காரி'. யப்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சினம் என்பது பொருள்.